கல்யாணத்தில் முடிந்த இங்கிலீஷ் படம்

காலை பத்து இருபதுக்கு என்னை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பாவுக்கு நிச்சயதார்த்தம். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் ஆட்கள் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெரியத்தை வேன் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். பன்னிரண்டு வந்தது. இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் பன்னிரண்டுதான். அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பி கணக்கில் சேரமாட்டான். ஒன்பது வயதான நான் சேர்ந்துவிட்டேன்.

“ஏட்டி, நீ எறங்கு. சித்தப்பா கூட இரு. வரும்போது லட்டு கொண்டாரேன்.”

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை போவதில்லை என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். ஆக, ராஜபாளையம் வீட்டில் மிஞ்சியது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரும், பட்டுப்பாவாடையோடு வாசலில் அழுதுகொண்டிருந்த நானும்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகன். வேலையை விட்டுவிட்டு, நான்கு நாட்களுக்கு முன் பைக்கில் வடக்கே கிளம்பிப் போயிருக்கிறான். எந்த ஊருக்கு என்றால், “பாத்துக்கலாம்மா” என்கிறான். நேற்று மதியத்திலிருந்து போன் எடுக்கவில்லை. அவன் அறைச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது. உயரமான கைப்பிடி வைத்த பைக்குகளில் இரண்டு பேர். அந்த இருவரையும் எனக்கு அவனுக்கு முன்பே தெரியும்.

நிச்சயத்துக்கு இரண்டு மாதம் முன்பு எங்கள் வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தோம். மூன்று தமிழ்ப் படம் எடுத்தால் கடைக்காரர் ஒரு இங்கிலீஷ் கேசட்டைச் சும்மா கொடுப்பார். ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு சித்தப்பா அதைப் போட்டார். முடி வளர்த்த இரண்டு பேர் பைக்கில் போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள். எதற்குப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. திடீரென்று நாதஸ்வரம் கேட்டது. திரையில் வேட்டி கட்டிய ஒருவர் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பதும் கடைக்காரரின் தொழில். கேசட் தட்டுப்பாட்டில், படத்தின் கடைசிப் பகுதிமேல் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பதிந்திருந்தார். அந்த இருவரும் இந்தக் கல்யாணத்துக்குத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சித்தப்பா அதை முதலிலிருந்து மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

உண்மையான முடிவை என் மகன்தான் போன வருடம் எனக்குக் காட்டினான். ரோட்டில் போகிற யாரோ அவர்களைச் சுட்டுவிடுகிறார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் இவன் எப்படிக் கிளம்பினான் என்பது எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பா நூற்பாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தார். பட்டறையில் கொடுத்துத் தன் பைக்கின் கைப்பிடியை ஒரு முழம் உயர்த்திக்கொண்டார். ஓட்டும்போது இரண்டு கைகளும் மேலே தூக்கியிருக்கும். “ஏலே, போலீசுல சரண்டர் ஆகப் போறியா?” என்று தெருவில் கேலி செய்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மில் வேலையை விட்டுவிட்டு மாமனாரின் இரும்புக்கடையில் உட்கார வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அவரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வேன் தெருமுனை திரும்பியதும் சித்தப்பா ஒரு பையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“நீ போகலையா?”

“பன்னெண்டு வந்துருச்சு.”

தெருமுனையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கதவைப் பூட்டினார். பையை பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வந்தது. பைக் ஊருக்குள் திரும்பவில்லை.

“சித்தப்பா, பொண்ணு வீடு அந்தப் பக்கம்.”

“தெரியும்.”

“அப்பம் நாம எங்க போறோம்?”

“எங்கயும் இல்ல. சும்மா போறோம்.”

“அது எப்ப வரும்?”

சித்தப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

சுந்தரபாண்டியம் தாண்டி, பிளவக்கல் அணையில் போய் நின்றோம். எதிரே மலை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “இதுக்கு மேல ரோடு எங்க போகுது?” என்று கேட்டார்.

“மேல ஏதுய்யா ரோடு? யான வேணா போகும்” என்றாள் அவள்.

அந்தப் படத்தில் ரோடு எங்கும் முடியவில்லை. சித்தப்பா மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பசித்தது. அதைச் சொன்னதும் வத்திராயிருப்பு பஸ் நிறுத்தத்துக்கு வந்து, பன் வாங்கிக் கொடுத்தார்.

“பஸ்ல தனியாப் போயிருவியா? பெரிய பிள்ளதான நீ?”

பெரிய பிள்ளை என்றதில் எனக்கு ஒரே பெருமை. கண்டக்டரிடம் பெண் வீட்டு அடையாளத்தை இரண்டு தடவை சொன்னார். பஸ் நகர்ந்தபோது அவர் எதிர்ப்பக்கம் வண்டியைத் திருப்பியதைப் பார்த்தேன்.

நான் இறங்கிப் போனபோது பெண் வீட்டில் தட்டு மாற்றத் தயாராக இருந்தார்கள். அம்மா என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். சித்தப்பா எங்கே என்றதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: “ரோட்டுல போறாரு. எங்கயும் இல்ல, சும்மா.” முதுகில் ஓர் அடி விழுந்தது.

பெண்ணின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். “இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. இப்பமே சொல்லிருங்க. எம்பிள்ள வாழ்க்க இது.”

“வந்துருவான், செத்த நேரம் பொறுங்க” என்றார் என் அப்பா. எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார்.

உள்ளறையில் கல்யாணப் பெண்ணான அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் காதருகே குனிந்து, “உங்க சித்தப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா?” என்றார்.

“தெரியாது. அவருக்கு பைக்குதான் பிடிக்கும்.”

அவர் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டே முக்கால் மணிக்குத் தெருவில் அந்த பைக் சத்தம் கேட்டது.

எவ்வளவு தூரம் போய்த் திரும்பினார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. பெட்ரோல் தீர்ந்ததா, ரோடு தீர்ந்ததா, எனக்குத் தெரியாது. தலையெல்லாம் செம்மண்ணோடு வந்து வாசற்படியில் நின்றார். “மாப்பிள்ளைக்குப் பொண்ணப் பாக்காம இருக்க முடியல போல” என்று யாரோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. பெண்ணின் அப்பா தட்டைக் கையில் எடுத்தார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை, உள்ளறைப் பக்கமும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடினார். என்னை விட்டுவிட்டு அவர் மட்டும் பைக்கில் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். கதவுக்குப் பின்னால் ஒளிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பாவின் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

“யாராவது சொல்லுங்களேன்... பிள்ள வந்து சேந்தாளா?”