மரத்தடியில் உட்காராத பேச்சாயி

ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல் ரயிலடிக்குப் போகும் சாலையில் புதிதாகச் சாக்கடை வெட்டினார்கள். அதற்கு மண் சுமந்த பெண்களில் பேச்சாயியும் ஒருத்தி. செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கிணறு வற்றிப்போனதும் புருஷன் சடையாண்டியோடும் மகள் சிவனம்மாளோடும் டவுனுக்குப் பிழைக்க வந்தவள். சடையாண்டி குதிரை வண்டி ஓட்டினான். ரயிலடிக்கு எதிரே நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தடிதான் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஸ்டாண்டு.

சாக்கடை அந்த மரத்தை ஒட்டியே போனது. குறுக்கே கிடந்த வேர்கள் ஆள் தொடை கனம் இருந்தன. மேஸ்திரி மிக்கேல்ராஜ் கோடாலிக்காரர்களைக் கூப்பிட்டு அவற்றை வெட்டச் சொன்னார். வெட்டின வேர்களைப் பெண்கள் விறகுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேச்சாயியும் ஒரு கட்டு தூக்கிப் போனாள். சரியாகக் காயாத வேர். அடுப்பில் வைத்தபோது வீடெல்லாம் புகைந்து மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு அடிமரம் வரைக்கும் நெருக்கிச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். இனிச் சேற்றில் நிற்க வேண்டாம் என்று வண்டிக்காரர்களுக்குச் சந்தோஷம்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள், மத்தியான ரயிலுக்கு வண்டிகள் காத்து நின்றபோது காற்றும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. மற்றவர்கள் ஸ்டேஷன் வராந்தாவுக்கு ஓடினார்கள். குதிரை மிரண்டதால் சடையாண்டி கடிவாளத்தைப் பிடித்தபடி மரத்தோடு ஒண்டி நின்றான். சிமெண்டுத் தளத்தைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு மரம் அப்படியே சாய்ந்தது. பேச்சாயி வந்து சேர்வதற்குள் கிளைகளை அறுத்து அவனை வெளியே எடுத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. குதிரைக்கு உயிர் இருந்தது. இடுப்பு ஒடிந்துபோனதால் அதையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் விதி என்றார்கள், சிலர் காற்று என்றார்கள். காரியம் முடிந்த பிறகு பேச்சாயி அந்த இடத்துக்குப் போனாள். மரத்தைத் துண்டு போட்டு எடுத்துப் போய்விட்டார்கள், தூர் மட்டும் புரண்டு கிடந்தது. ஒரு பக்கம் வேர்கள் மண்ணோடு பிய்ந்து தொங்கின. சாக்கடைப் பக்கம் வேரே இல்லை. கோடாலி பட்ட இடங்கள் கறுத்து அழுகியிருந்தன. அவள் அங்கேயே குந்திவிட்டாள். அந்த வேரை எரித்துச் சோறு பொங்கியதும், சடையாண்டி அதை வாங்கித் தின்றதும் நினைவுக்கு வந்தன. மகளிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

வயிற்றுக்கு வேறு வழி இல்லாததால் அதே மேஸ்திரியிடம்தான் மறுபடி வேலைக்குப் போனாள். சித்திரை மாதம் கடைவீதிப் பக்கம் ஒரு தெருவில் தளம் போட ஆரம்பித்தார்கள். தெரு நெடுக வரிசையாகப் புங்கமரங்கள் நின்றன. முதல் மரத்தடிக்குக் கலவைச் சட்டியோடு போன பேச்சாயி சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"அடிமரம் வரைக்கும் பூசாதீங்க மேஸ்திரி. சுத்தி மண்ண விடுங்க. இதுக்கடியிலயும் ஆளுக நிப்பாக."

"உம் புருசன் போனது காத்துல. நீ சட்டியத் தூக்கு," என்றார் மிக்கேல்ராஜ்.

"காத்து ஊருக்கே அடிச்சுச்சு. வேர வெட்டுன மரந்தான் விழுந்துச்சு. வெட்டுனதும் நாமதான்."

அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. சிமெண்டு இறுகிய பிறகு கடப்பாரையோடு பட்டப்பகலில் வந்து, முதல் மரத்தைச் சுற்றிக் கொத்திப் பெயர்த்தாள். இரண்டாவது மரத்தில் கைவைத்தபோது போலீஸ்காரர் வந்து கூட்டிப் போனார். சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு மகளை வரவழைத்து அனுப்பினார்கள். வழியில் சிவனம்மாள், "தெருவுல தல காட்ட முடியல ஆத்தா. போனவுக திரும்பியா வரப்போறாக?" என்றாள். அடுத்த தையில் சிவனம்மாள் வத்தலக்குண்டுக்கு வாக்கப்பட்டுப் போனாள். தாயைப் பார்க்க அவள் வருவது அபூர்வமாயிற்று.

இரண்டு வேலைகளையும் மேற்பார்த்த ஓவர்சியர் அருளப்பன், போலீஸ் விவகாரம் காதில் விழுந்ததும் அவள் குடிசைக்கே வந்தார். வாசலில் நின்றபடி குரலைத் தாழ்த்தி, "மரம் விழுந்த அன்னிக்கே அந்த வேரப் பாத்தேம்மா. பாத்துட்டும் காத்துல விழுந்துச்சுன்னுதான் எழுதிக் குடுத்தேன்," என்றார். பேச்சாயி அவரைத் திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கடைவீதி மரங்களுக்குச் சுற்றி மண் விட்டால் போதும் என்றாள். அவள் சொன்னபடியே அவர் செய்தார். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் தளத்தைப் பெயர்த்து, செங்கல் வரம்பு கட்டிக் குழி விட்டார்கள். மரங்களை ஒட்டி வெட்ட இருந்த சாக்கடையை எதிர்ச்சாரிக்கு மாற்றினார்கள்.

பேச்சாயி அதே தெருவில் அவித்த கடலை விற்க உட்கார்ந்தாள். ஜனங்கள் அந்தக் குழிகளில் வெற்றிலை எச்சிலைத் துப்பினார்கள், டீத்தூளைக் கொட்டினார்கள், அடுப்புச் சாம்பலைச் சூடு ஆறாமல் தள்ளினார்கள். காலையில் வந்ததும் அவள் எல்லாவற்றையும் அள்ளி எறிந்து மண்ணைக் கிளறிவிடுவாள். மரத்தின் மேல் அவளுக்குப் பக்தி என்று நினைத்து யாரோ மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார்கள். உண்மையில் அவளுக்கு மரத்தைக் கண்டால் பயம். நிழலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எதிர்ச்சாரி வெயிலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வியாபாரம் பார்ப்பாள். காற்று எழும்பினால் கூடையைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய்விடுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அருளப்பனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் போனதும், முனையில் டீக்கடை வைத்திருந்த உடையப்பன் தன் கடைமுன் நின்ற மரத்தின் குழியை மூடிச் சிமெண்டு பூசினான். கடைக்குப் படி கட்ட அந்தப் பக்கத்து வேர்களையும் வெட்டினான். பேச்சாயி கெஞ்சினாள், கூச்சல் போட்டாள். மரத்தை உன் பேருக்கா எழுதி வைத்திருக்கிறது என்று கேட்டு விரட்டிவிட்டான். பூசிய இடத்தில் மரத்தைச் சுற்றிப் பெஞ்சு போட்டான். பெஞ்சில் எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள்.

சில வருஷங்களில் அந்த மரத்தில் இலை குறைந்தது. பிறகு தளத்தில் விரிசல் விட்டது, அடிமரம் தெருப்பக்கம் சாய ஆரம்பித்தது. பேச்சாயி விரிசலில் விரலை விட்டுப் பார்த்தாள். அன்றே முனிசிபல் ஆபீசுக்குப் போய் அந்த மரத்தை வெட்டிவிடச் சொல்லி மனுக் கொடுத்தாள். மரத்துக்காகக் கடப்பாரை தூக்கினவள் இப்போது வெட்டச் சொல்கிறாளே என்று அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. விரட்ட விரட்டப் போய் நின்றாள். கடைசியில் ஆனி மாதம், ஆடிக்காற்று தொடங்குமுன் கயிறும் ரம்பமுமாக ஆட்கள் வந்தார்கள்.

வெட்டி முடிகிறவரை வழியில் போகிறவர்களை அவளே நின்று மறித்தாள். சிலர் காறித் துப்பிவிட்டுச் சுற்றிப் போனார்கள். உடையப்பன் கடையிலிருந்து இறங்கி வந்தான்.

"நின்ன மரத்த வெட்ட வச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நின்னுச்சுன்னா, ஒம் பெஞ்சுல உக்காந்தவன் பொண்டாட்டி தாலிய அத்துக்கிட்டு நிப்பா. அத நான் பாக்கணுமா?"

அதன் பிறகு அந்த முனையில் யாரும் அவளிடம் கடலை வாங்கவில்லை. டீக்கடை வாசலில் வெயில் விழுந்தது, அதற்கும் அவளைத்தான் ஏசினார்கள். அவள் வியாபாரத்தை அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொண்டாள். ஆனாலும் தினமும் காலையில் வந்து மிச்ச மரங்களின் குழிகளிலிருந்து குப்பையை அள்ளுவாள். எச்சில் பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் போய்விடுவாள்.