தம்பி கவுண்டி ஆடிய இரண்டு வருடங்கள்

கை முழுக்க எலுமிச்சை வாசனை. நிஜ எலுமிச்சை இல்லை... ஹோட்டல் குளியலறை கழுவும் திரவத்தின் வாசனை. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் ஹம்பேர்க் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ராசன் அண்ணையின் இன்டர்நெட் கடைக்குள் நுழைவேன்.

2006, 2007... அந்த இரண்டு வருடங்கள்.

காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். பதினாறு அறைகள். முடித்துவிட்டு எஸ்-பான் ரயிலில் ஏறினால் கால் இரண்டும் என்னுடையவை இல்லை போலிருக்கும். நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் இங்கிலாந்தில் அது மதியச் சாப்பாட்டு இடைவேளை நேரம். ஸ்கோர் பார்க்க வேண்டும்.

எனக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். ஓவருக்கு ஆறு பந்து என்பதே ராசன் அண்ணை சொல்லித்தான் தெரியும்.

என் தம்பி தயாளன் எட்டு வயதில் மாமாவோடு லண்டனுக்குப் போனவன். நான் பிறகு அகதியாக ஜெர்மனிக்கு வந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்து நீட்டிக்கும் விசா. நாட்டை விட்டு வெளியே போக முடியாது. போனில்தான் தம்பி.

"சாப்பிட்டியே?"

"ஓம்."

"படிக்கிறியே?"

"ஓம்."

பத்து வருடம் இந்த ஓமிலேயே போயிற்று.

பதினெட்டு வயதில் அவனை ஒரு கவுண்டி அணி, இங்கிலாந்தின் மாவட்டக் கிரிக்கெட் அணிகளில் ஒன்று, எடுத்தது. இடது கைச் சுழற்பந்து, இரண்டு வருட ஒப்பந்தம். அன்று முதல்முறையாக அவனே எனக்குப் போன் எடுத்தான். மூச்சுவிடாமல் பேசினான். பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் இவனுக்கு இவ்வளவு பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்காகத்தான் கிரிக்கெட் படித்தேன்.

ராசன் அண்ணை மூலையிலிருந்த கம்ப்யூட்டரை எனக்காக வைத்திருப்பார். அந்தக் கவுண்டியின் பெயரையே அதற்கு முன் அவர் கேள்விப்பட்டதில்லை. ஒரு மாதத்தில் "எங்கட டீம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அங்கே மழை வந்து ஆட்டம் நின்றால் இங்கே ஹம்பேர்க் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்.

அந்த அணியின் ரசிகர்கள் எழுதும் தளம் ஒன்று இருந்தது. புதிதாக எடுத்த பொடியன்களில் எவன் தேறுவான், எவனை அனுப்பலாம் என்று நாள் முழுக்க வாக்குவாதம். அண்ணை வாசித்து எனக்குத் தமிழில் சொல்வார்.

"தம்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கினம் அண்ணை?"

"நல்ல பொடியனாம் பிள்ளை. கொஞ்சம் காலம் குடுக்கட்டாம்."

திரை என் பக்கம்தான் இருந்தது. 'இவனுக்குப் பந்து திரும்பவே இல்லை, எதற்கு எடுத்தார்கள்?' என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அதற்குப் போதும். தலையாட்டினேன். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லும் மனிதரிடம் என்ன சொல்வது...

முதல் வருடம் முழுக்க இரண்டாம் அணிதான். அடுத்த ஓகஸ்டில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு முதல் அணியில் போட்டார்கள். ஒரே ஒரு விக்கெட். ராசன் அண்ணை கடையில் இருந்த எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், யாரென்று தெரியாத ஆட்களுக்கும்.

அன்று பின்னேரம் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அவன் இறங்கி அடிக்க வந்தவன் அக்கா. நான் கொஞ்சம் மெதுவா விட்டனான்."

"அதுதான் கீப்பர் ஸ்டம்பிங் செய்தவரோ?"

அவன் குரல் ஒரேயடியாக உயர்ந்தது.

"அக்கா... உங்களுக்கு ஸ்டம்பிங் எல்லாம் தெரியுமே?"

அந்தக் குரலுக்காக இன்னும் நூறு குளியலறை கழுவலாம் என்றிருந்தது.

செப்டம்பர் கடைசியில், ஒரு அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, அவை என்னை விட்டிட்டினம்."

"என்னடா சொல்றாய்?"

"அடுத்த வருசத்துக்கு எடுக்கேல்லையாம். மாமாவுக்கு இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்றன்."

விருந்தாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன். அவன் அழுதான். என் மனதில் முதலில் வந்தது, 'இனி இவனோடு எதைப் பேசுவேன்?' என்பதுதான். அந்த நினைப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சொல்லு தம்பி. நான் இருக்கிறன்" என்றேன். சொன்னான்... நாற்பது நிமிடம். மேற்பார்வைக்கு வந்த பெண் கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

2009இல்தான் பயணம் செய்ய எனக்குப் பத்திரம் கிடைத்தது. லண்டன் ஏர்போர்ட்டில் மாமா பக்கத்தில் நின்றதால்தான் தம்பியை அடையாளம் தெரிந்தது. அவ்வளவு உயரம். அப்போது ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை செய்தான்.

மாமா வீட்டுப் பின்வளவில், புல்லுக்குள் ஒரு பழைய பந்து கிடந்தது. எடுத்து நீட்டினேன்.

"ஒருக்காப் போட்டுக் காட்டு தம்பி."

வாங்கி, விரலுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டான்.

"வேண்டாம் அக்கா. களைச்சுப்போனன்."

நானும் களைத்துத்தான் இருந்தேன். வற்புறுத்தவில்லை. அவன் போட்ட ஒவ்வொரு ஓவரையும் திரையில் எண்களாகப் பார்த்த நான், ஒரு பந்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது கவுண்டி ஆட்டங்கள் முழுக்கப் போனிலேயே நேரடியாக ஓடுகின்றன. ராசன் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். தம்பி ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வருவான். பிள்ளைகளின் படிப்பு, அவனுடைய முதுகு வலி, என்னுடைய முழங்கால்... எல்லாம் பேசுவோம். கிரிக்கெட் மட்டும் இல்லை.

ஆனால் ஏப்ரல் பிறந்து ஆட்டங்கள் தொடங்கினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. வேலையால் வந்து, காலை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அந்தப் பழைய அணியின் ஆட்டத்தைப் போடுகிறேன். இந்த வருடம் ஒரு பத்தொன்பது வயதுப் பொடியனை எடுத்திருக்கிறார்கள். அவனும் இடது கைச் சுழல்தான். நான்கு எட்டு நடந்து, கொஞ்சம் குதித்துப் போடுகிறான்.

தம்பியும் இப்படித்தான் போட்டிருப்பானோ...

கேட்டால் சொல்வான். இந்த ஞாயிறு கேட்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். ஞாயிறு வந்ததும், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.