சனிக்கிழமைக் காற்று

வங்காலையில் ஜெனோஜனுக்குக் 'காத்துக்காரன்' என்று பெயர் விழுந்தபோது அவனுக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். அதற்கு முந்தின பெயர் 'சத்திக்காரன்'. கடல் தொழில் குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினால் கரை மறைய முன்னமே குடல் வாய்க்கு வந்துவிடும். தகப்பன் சில தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். "இவனை ஏத்தினா மீனுக்குத்தான் சாப்பாடு" என்று கைவிட்டுவிட்டார். பிறகு மன்னார் டவுனில் கொம்பியூட்டர் படித்தான். உப்புக்குளத்தில் றிஷாட்டின் போன் திருத்துகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊரின் ஆண்கள் விடியுமுன் கடலுக்குப் போவார்கள். அவன் விடிந்த பிறகு பஸ்ஸில் போவான். வெட்கமும் பக்கத்துச் சீற்றில் இருந்து கூடவே வரும்.

போனில் பேசுகிற ஏ.ஐ. ஊருக்குள் வந்த புதிது. ஜெனோஜனின் மச்சான் ரொபின்சன் ஒருநாள் அதனிடம், "வங்காலையில இப்ப காத்து எப்பிடி?" என்று கேட்டான். ரொபின்சன் சிங்கராசா சம்மாட்டியின் வள்ளத்தை ஓட்டுகிறவன்; வாயும் அந்த வள்ளத்தின் இஞ்சின் மாதிரித்தான், நிற்காது. இப்போதைய காற்றை அறிய தன்னிடம் வழியில்லை என்று அது அழகான தமிழில் மன்னிப்புக் கேட்டது.

"பாரடா மச்சான், வாய் மட்டும் வங்காள விரிகுடா" என்றான் ரொபின்சன்.

ஜெனோஜன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. அதற்கு வாய் இருக்கிறது, கண் இல்லை. ஒரு கண்ணைச் செய்து கொடுத்தால் என்ன? றிஷாட் நானாவின் கடை மூலையில் கிடந்த பழைய கொம்பியூட்டரைத் துடைத்து, அதில் சின்னதாய் ஒரு டூல் சேவர் எழுதினான். பெரிய வித்தை இல்லை. ஏ.ஐ.யிடம் ஒருவர் காற்றைப் பற்றிக் கேட்டால், அது ஜெனோஜனின் சேவரைத் தட்டும். சேவர் வானிலை சொல்லும் இணையத்தளத்திடம் விசாரித்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் வாங்கிக் கொடுக்கும். இந்தக் கருவி எதற்கு என்று ஏ.ஐ.க்கு விளங்கும்படி ஒரு வரி எழுதி வைக்கவேண்டும். அவன் எழுதினான்: 'வங்காலைக் கரையில் இப்போது வீசும் காற்று.' எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுதியவற்றில் ஊருக்கு உதவிய ஒரே வரி அதுதான்.

வந்து கேட்டவர்களின் போன்களில் எல்லாம் அதை இணைத்துக் கொடுத்தான். ஊர் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. கலியாண வீட்டிலிருந்தும் கேட்டார்கள். உடுப்புக் காயப்போட முன்னமும் கேட்டார்கள். இணையத்தளம் இலவசமாய் விடும் அளவு மாதம் முடிய முன்னமே முடிந்துவிடும் போலிருந்தது. ஆகவே ஜெனோஜன் ஒரு வேலை செய்தான். ஒருதரம் வாங்கிய காற்றைச் சேமித்து வைத்து, கொஞ்ச நேரத்துக்கு அதையே எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னான். கூடவே இன்னொரு வரி. ஞாயிற்றுக்கிழமை வங்காலையில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை, சந்தி, பந்து, படுக்கை. பிறகேன் அன்று காற்றை விசாரிப்பான்? ஞாயிறு சேவர் ஒன்றும் கேட்க வேண்டாம், கடைசியாய்ச் சேமித்ததையே கொடுக்கட்டும், திங்கள் விடிந்ததும் கேட்டால் போதும் என்று எழுதினான்.

தாய் திரேசம்மாவிடம் சொன்னபோது அவ சிரித்தா. "உன்ர மிசினும் ஓய்வுநாள் அனுசரிக்குதோ? நல்ல வேதக்கார மிசின்."

அவனுக்குப் பெருமையாய் இருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் சோழகக் காற்று எழும்பியது. திங்கள் விடியப்புறம், இருள் விலக முன்னம், கரையில் கொஞ்சம் அடங்கினது போல நின்றது. மற்ற வள்ளங்கள் யோசித்துக்கொண்டு மணலில் கிடந்தன. கூடப் போகிற சஜீவன், "வேண்டாமண்ணை, வெளியில அடிக்கும்" என்றான். ரொபின்சன் போனைத் தூக்கிக் கேட்டான். காற்று மெல்லியது, கடல் அமைதியாக இருக்கலாம் என்றது அது. "ஜெனோன்ர காத்தடா. என்ர மச்சான் செய்தது. ஏறு" என்றான்.

அது சனிக்கிழமைக் காற்று.

வள்ளம் வெளியில் கவிழ்ந்தது. சஜீவன் வெறும் எண்ணெய்க் கானைப் பிடித்து மிதந்தான். ரொபின்சனின் வலது கை கயிற்றுக்கும் வள்ளத்துக்கும் இடையில் போய்விட்டது. பின்னால் தேடிப்போனவர்கள் இருவரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். வலை போனது, இஞ்சின் போனது. ஆஸ்பத்திரியில் ரொபின்சனின் கைக்குள் தகடு வைத்தார்கள். விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

ஜெனோஜனுக்குச் செய்தி கடையில் வைத்து வந்தது. எதையும் திறந்து பார்க்கத் தேவையில்லை, எழுதினவனுக்குத் தெரியும். கையில் கழற்றி வைத்திருந்த யாரோ ஒருவருடைய போனின் சின்ன ஆணிகள் மேசையில் சிதறின. அவற்றைப் பொறுக்காமல் எழும்பி, மூலைக் கொம்பியூட்டருக்கு முன் இருந்து, அந்த ஞாயிற்று வரியை அழித்தான். எந்த நேரத்துக் காற்று என்பதையும் இனிச் சேர்த்தே கொடுக்கும்படி மாற்றினான். பழைய காற்றென்றால் தெரியாதென்று சொல்லச் சொன்னான். எல்லாம் சரியாயிற்று. அழித்த பிறகுதான் விளங்கியது, திருத்தினதும் மறைத்ததும் அவன் கையில் ஒரே வேலையாய் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ரொபின்சன் அவனைக் கண்டதும், "உன்னில பிழையில்ல மச்சான். அந்தச் சனியன் பொய் சொல்லிட்டுது" என்றான். ஊரும் அதையே சொன்னது. ஏ.ஐ. என்றால் பொய்யும் சொல்லும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜெனோஜன் வாயைத் திறந்தான். தாதி வந்து நேரம் முடிந்தது என்றா. அந்தத் தாதிக்கு அவன் மனதுக்குள் நன்றி சொன்னான். அதை நினைத்தால் இப்போதும் காது சுடும்.

பிறகு ஒவ்வொரு முறையும் மருந்து கட்ட ரொபின்சனை மோட்டர்சைக்கிளில் ஏற்றிப்போனான். தோடம்பழம் வாங்கிப்போனான். ரொபின்சனின் மனைவி மேரிசெல்வி இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பா. "தம்பியைப்போல ஆர் வருவினம்? கூடப்பிறந்ததுகள் எட்டியும் பாக்கேல்ல." அவன் தேத்தண்ணியைச் சூட்டோடு விழுங்கினான். கெதியாய்க் குடித்தால் கெதியாய்ப் போகலாம்.

அதற்குள் பெயர்கள் மாறிவிட்டன. ஜெனோஜன் காத்துக்காரனாகவே இருந்தான். ரொபின்சன்தான் 'போன் மாலுமி' ஆனான். கண்ணால் கடலைப் பார்க்காமல் போனைப் பார்த்தவன். கை சுகப்பட்டாலும் அவனோடு இனி வள்ளத்தில் ஏறமாட்டேன் என்று சஜீவன் சொல்லித் திரிந்தான். சிங்கராசா சம்மாட்டி வேறு ஓட்டியைத் தேடுவதாகக் கதை. கையை விட அந்தக் கதைதான் ரொபின்சனைச் சாய்த்தது. அவனுடைய இஞ்சின் நின்றுவிட்டது. கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஆண்கள் நின்றார்கள். ரொபின்சன் கையைத் தொங்கப்போட்டபடி கடந்து போனான்.

"மாலுமி, நாளைக்கு மழையோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோவன்" என்றான் ஒருவன். சிரிப்பு. சிங்கராசாவும் மீசைக்குள் சிரித்தார். ரொபின்சன் திரும்பவில்லை. அவன் கழுத்து மட்டும் சிவந்ததை ஜெனோஜன் கண்டான்.

"அது பொய் சொல்லேல்ல."

சொன்னது தான்தான் என்று ஜெனோஜனுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவன் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னான்: "நான் குடுத்ததைத்தான் அது சொன்னது. நான் குடுத்தது சனிக்கிழமைக் காத்து. இப்பத்தைய காத்தெண்டு எழுதி வைச்சதும் நான். ரொபின் மச்சான் சரியாத்தான் கேட்டவர்."

"சனிக்கிழமைக் காத்து திங்கள் எப்பிடியடா வரும்?" என்றார் சிங்கராசா.

"ஞாயிறு விசாரிக்க வேண்டாமெண்டு நிப்பாட்டினனான். ஞாயிறு ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லத்தானே."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "கர்த்தரே! காத்துக்கும் ஞாயிறு லீவெண்டு நினைச்சிட்டான்." முற்றம் வெடித்தது. ஜெனோஜன் நின்றான். அந்தச் சிரிப்பு தனக்குரியது என்பது ஒருவகை ஆறுதலாய்க் கூட இருந்தது.

ரொபின்சன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து கிட்ட நின்றான். "எப்ப தெரியும் உனக்கு?"

"அண்டைக்கே."

ரொபின்சன் தலையை ஆட்டினான். சிங்கராசா செருமிவிட்டு, "கை சுகமாகட்டும் ரொபின். பிறகு வா, வள்ளம் கிடக்கு" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு ரொபின்சன் நடந்தான்.

அடுத்து மருந்து கட்டுகிற நாள் ஜெனோஜன் வழக்கம்போல மோட்டர்சைக்கிளோடு போய் நின்றான். மேரிசெல்வி படலையடியில் வைத்தே, "நாங்கள் பஸ்ஸில போறம்" என்றா. தம்பி என்று சொல்லவில்லை. ரொபின்சன் உள்ளே கதிரையில் இருந்தபடி, "வரச்சொல்லு" என்றான். தன் போனை நீட்டினான்.

"இதில இருக்கிற உன்ர சாமானை நீயே கழட்டு."

ஜெனோஜன் பக்கத்துக் கதிரையின் நுனியில் இருந்து கழற்றினான். அகற்றவா என்று போன் ஒருதரம் கேட்டது. ஓம் என்று தொட்டான். மேரிசெல்வி தேத்தண்ணி கொண்டுவந்தா. ஒரு கோப்பை. ரொபின்சன் அதை இடது கையால் எடுத்தான். அந்தக் கைக்கு இன்னும் பழக்கமில்லை. கொஞ்சம் சாரத்தில் சிந்தியது. துடைத்துவிடப் போன தன் கையை ஜெனோஜன் பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டான்.