வெர்னா விட்டுவிட்ட ஒன்பது வருடம்

மிசிசிப்பியின் அந்த ஆற்றங்கரை ஊரில் வெர்னா ஸ்ட்ரிப்ளிங்குக்கென்று சொந்தமாக ஒரு கதவுகூடக் கிடையாது. மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றதில் கால் வீங்கியதுதான் மிச்சம். குடியிருந்தது வாடகை வீடு. ஆனால் வசந்தம் வந்து ஊரின் பழைய மாளிகைகளைப் பார்வைக்குத் திறந்துவிடும் அந்த ஒரு மாதம் மட்டும் அவள் ராணி. அந்தக் காலத்துப் பாணியில் வளையம் வைத்த குடைப்பாவாடையோடு, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்ட ஹார்கின் மாளிகைக் கூடத்தில் நின்றால் அறுபத்தேழு வயது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

"இந்தக் கதவைத் தட்டிப் பாருங்க, கண்ணுங்களா. ஓக் மரம்னுதானே நினைச்சீங்க? வெறும் பைன்! மேல தீட்டியிருக்காங்க. வாசல் தூணும் கல்லு இல்ல. உள்ள செங்கல், மேல பூச்சு."

பிறகு சொந்தக்காரர்களை வரிசையாகச் சொல்வாள். கட்டியவர் பருத்தி முதலாளி ஹார்கின். அடுத்தவர் அவளுடைய கொள்ளுத்தாத்தா அல்ஜர்னன் ஸ்ட்ரிப்ளிங். அவள் அப்பா காலத்தில் வீடு ஒரு டாக்டருக்குப் போனது, இப்போது மாளிகைகளைத் திறந்துகாட்டும் தோட்டச் சங்கத்துக்கு. "மொத்தம் நாலே கை." செங்கல் சுட்டவர்களும் சுவர் எழுப்பியவர்களும் அவள் வாயில் 'வேலைக்காரங்க'தான். அடிமை என்ற சொல்லை அந்தக் கூடத்துக்குள் அவள் விட்டதே இல்லை. இருபத்தாறு வசந்தம் இப்படியே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

ஒரு சனிக்கிழமை, காலைக் கூட்டம் தோட்டத்துக்குப் போன பிறகு, பின்கட்டுச் செங்கல் படியில் ஒரு வயதான கறுப்பினப் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எர்னஸ்டீன் காடிஸ் என்று பெயர் சொன்னாள்.

"நாலு கைன்னீங்களே, மிஸ் வெர்னா. ஹார்கினுக்கும் உங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் நடுவுல ஒன்பது வருஷம் இங்க யாரு குடியிருந்தா? காத்தா?"

வெர்னா பாவாடை வளையத்தைச் சரிசெய்தாள்.

"ரான்சம் காடிஸ். எங்க தாத்தாவோட அப்பா. அடிமையா இருந்தப்ப இந்த வீட்டுக்குச் செங்கல் சுட்டவரு. விடுதலைக்கு அப்புறம் இதே வீட்டை விலைக்கு வாங்கினாரு. இந்தப் படியும் அவரு கட்டினதுதான். பூச்சே கிடையாது, பாருங்க."

"தெரியும்மா" என்றாள் வெர்னா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியுமா? அப்ப பேரைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"சொல்றேம்மா. அடுத்த கூட்டத்துலயே சொல்றேன்."

வெர்னாவுக்குப் பெயர் மட்டுமா தெரியும்? பதினொரு வயதில், இரவுச் சாப்பாட்டு மேசையில், பொரித்த மீனுக்கு நடுவே அப்பா சொன்ன கதை அது. அல்ஜர்னன் ஆறு துப்பாக்கிக்காரர்களோடு விடியற்காலை இந்தப் படியில் வந்து நின்றாராம். ரான்சம் வீட்டை எழுதிக்கொடுக்கும் காகிதத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தரம் நழுவி விழுந்ததாம். அப்பா முள்கரண்டியைத் தவறவிட்டு நடித்தே காட்டினார். சிரிப்பில் மேசையே அதிர்ந்தது.

பகல் கூட்டத்தில் இருபது பேர். முன்னால் தோட்டச் சங்கத்துப் பெண்கள் இருவர், கடைசியில் எர்னஸ்டீன். வெர்னா கதவைக் காட்டினாள், தூணைக் காட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஹார்கினுக்கு அப்புறம், ரான்சம் காடிஸ்னு ஒரு கொத்தனார். ஒன்பது வருஷம் இந்த வீடு அவரோடது."

சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் வெர்னாவுக்குத் தைரியம் போயிற்று.

"அப்புறம்... அவரு எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வித்துட்டாரு."

சொன்ன கணமே உடம்பு கூசியது. பெயரைக் கொடுத்த கையாலேயே அந்த மனிதரை இரண்டாம் முறையாகப் படியிறக்கி விட்டோமே என்று இருந்தது. ஓடிப்போகலாம் என்றால் பாவாடை வளையம் பக்கத்துக் கதவில் நுழையாது.

"வித்தாரா?" எர்னஸ்டீன் குரலை உயர்த்தவே இல்லை. "எங்க வீட்டுல வேற மாதிரி சொல்வாங்க, மிஸ் வெர்னா. உங்க வீட்டுல எப்படிச் சொன்னாங்க?"

இருபது முகங்கள் வெர்னாவைப் பார்த்தன. அவள் எர்னஸ்டீனை மட்டும் பார்த்தாள்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கம்மா" என்றாள். "நானும் சிரிச்சேன்."