செல்லதுரையின் வளர்ச்சி

கூலிக்கு நாற்றுப் பறித்த செல்லதுரை, குத்தகைக்கு நிலம் பிடித்து, மகன் இளவழகன் சிங்கப்பூர் போன பிறகு சொந்தமாகவே கொஞ்சம் வாங்கிவிட்டார். மகள் கனிமொழி நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி.

அவருடைய வயிற்றெரிச்சலை நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர் என்றே ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கனிமொழிதான் ஆசுபத்திரிக்கு இழுத்துப் போய் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வைத்தாள். புற்று இல்லை, கிருமி. இரண்டு வாரத்துக்கு மாத்திரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால், மாத்திரை அட்டையைக் காணோம்.

"பக்கத்து வீட்டு வீரையனுக்குக் குடுத்துட்டேன். அவனுக்கும் இதே எரிச்சல்தான்."

"எதுக்குப்பா குடுத்தீங்க?"

"உள்ள செல்லு வளர்ச்சி வேகமா இருக்குன்னு டாக்டர் சொன்னாருல்ல? வளர்ச்சின்னா தேறிட்டேன்னுதானே? டிவியிலயும் தெனம் நாட்டு வளர்ச்சின்னு அதத்தானே பெருமையாச் சொல்றான்."

"நாட்டுக்கு எங்க வளந்துச்சோ, இந்த மனுசனுக்கு வயித்துல வளருது" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

கனிமொழிக்குச் சிரிப்பு வந்தது. உடனே சுருக்கென்றது. டாக்டர் அதைச் சொன்னபோது அவளும் பக்கத்தில்தானே இருந்தாள்? அந்தச் சொல் அப்பாவின் காதில் எப்படி விழும் என்று ஏன் தோன்றவில்லை? படித்ததெல்லாம் பரீட்சைத் தாளோடு சரியா?

"அப்பா, யூரியா கூடுதலாப் போட்டா பயிர் என்ன ஆகும்?"

"கருகருன்னு வளரும். ஒரு மழைக்குச் சாஞ்சிரும்."

"அந்த வளர்ச்சிதான் இதும். கிருமி வயித்துச் சுவத்துல செல்லுங்களச் சாகடிக்குது. அந்த எடத்த நெரப்ப மத்தது அவசரமாப் பெருகுது. அவசரத்துல பழுதானதும் பொறக்கும். சாக வேண்டிய பழுது சிலது சாகாம நின்னுரும். வருசக்கணக்கா இப்படியே போனா புத்தா மாறலாம். கிருமிய ஒழிச்சிட்டா அந்த ஆபத்து கொறஞ்சிரும்."

"எரிச்சல்தான் நின்னுருச்சே?"

"எரிச்சல் நின்னா கிருமி போச்சுன்னு இல்லப்பா. அரைகுறையா முழுங்குனா அந்த மருந்துக்கே கிருமி அசையாமப் போயிரும். உங்களுக்கும், வீரையன் மாமாவுக்கும்."

செல்லதுரை எழுந்துபோய் வேலிப்பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"டேய் வீரையா! நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் ஆசுபத்திரிக்குப் போறோம். மறுபடி மொதல்லேருந்து."

"ஏன், உள்ள நல்ல வளர்ச்சின்னு சொன்னே?"

"அது யூரியா வளர்ச்சிடா!"