புகைபோக்கி இல்லாத ஊரில்

மண்ணச்சநல்லூர் மாதா கோயில் தெருவில் வியாகுலம்மாளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தலைப்பிள்ளை விக்டரை மூன்று வயதில் மூச்சிழுப்புக்குப் பறிகொடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்? 1957 மாசியில், அறுவடை நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிய சமயம், இளையவள் ரோசரிக்கும் அதே வயதில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. வியாகுலம்மாளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

எதிரி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. தெருக்கோடியில் ரைஸ் மில்லின் புகைபோக்கி நின்றது. உமி எரிந்த கரித்தூள் கொடியில் காயும் துணியிலும் குடத்துத் தண்ணீரிலும் விழும். மில் ஓடும் நாளில் பிள்ளைக்கு மூச்சு முட்டும்; ஞாயிற்றுக்கிழமை மில் நின்றால் தெருவில் ஓடி விளையாடும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஜன்னலுக்குச் சாக்கு கட்டினாள், கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தாள். வீடு வெந்ததுதான் மிச்சம்.

அவள் கணவன் அற்புதசாமி அதே மில்லில் மிஷினுக்கு நெல் கொட்டுகிறவன். தங்கமான மனுஷன். சாயங்காலம் அவன் சைக்கிள் மணி கேட்டதும் ரோசரி பாய்ந்து வந்து தோளில் ஏறிக்கொள்வாள். இழுப்பு வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து, அவளைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பான். விக்டரையும் அப்படித்தான் வைத்திருந்தான். அந்தப் பிள்ளையின் மூச்சு கடைசியாக அடங்கியது அந்தத் துண்டுக்குள்தான்.

திருச்சி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "தூசி ஒத்துக்கலைம்மா. எங்கேருந்து வருதுன்னு பாத்து, பிள்ளையை அதுகிட்டேருந்து நகத்துங்க," என்றார்.

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீயபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சுற்றிலும் வாழை, ஒரு பக்கம் காவேரி. புகைபோக்கி என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. ரோசரி தேறினாள், கன்னத்தில் சதை வைத்தது. வியாகுலம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை மில் விட்டதும் அற்புதசாமி அப்படியே பஸ் ஏறி வந்து சேர்ந்தான். பிள்ளை அவன் மடியை விட்டு இறங்கவில்லை. விளக்கு வைப்பதற்கு முன்பே நெஞ்சில் பூனை கத்துகிற அந்தச் சத்தம் கேட்டது.

வியாகுலம்மாள் வாசலுக்கு ஓடி வந்து ஆகாயத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டுப் புகை இல்லை. பின்னே இங்கே எப்படி வந்தது? அற்புதசாமி வழக்கம்போலத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். சாய்ந்த வெயிலில் அதிலிருந்து நெல்லின் சுணை பொடிப்பொடியாகப் பறந்தது. அவள் பாய்ந்து பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, பிள்ளையைத் தொடாதீங்க."

அவன் விழித்தான்.

"முதல்ல ஆத்துல குளிச்சிட்டு வாங்க. சட்டை, துண்டு எதுவும் உள்ள வர வேணாம். எல்லாம் சுணைங்க. புகை இல்ல, இதுதான்."

அவன் துண்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். அண்ணி பிள்ளையின் முகம் கை துடைத்து, வேறு பாவாடை கட்டிவிட்டாள். வியாகுலம்மாள் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடி செபமாலை உருட்டினாள். மெல்ல மெல்ல இழுப்பு இறங்கியது.

அற்புதசாமி ஈரத் தலையோடு, மச்சான் வேட்டியில் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரப் பயம்.

"அப்ப விக்டரு?" என்றான்.

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்றால் இந்த மனுஷன் திரும்பவும் ஆற்றுக்குத்தான் போவான், குளிப்பதற்கு அல்ல.

"அவனுக்குக் காய்ச்சல்ங்க. அது வேற."

அவன் தலையாட்டினான். எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, அவன் மில் கிணற்றடியில் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். ரோசரி வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். விக்டர் பேச்சை மட்டும் அவன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அவளும் அந்தப் பொய்யை மாற்றவில்லை.

விக்டருக்குக் காய்ச்சலே வந்ததில்லை. உடம்பு கடைசிவரை சில்லென்றுதான் இருந்தது. தூக்கி வைத்திருந்தவனுக்கு அது தெரியாதா?