‘வந்துச்சா?’ ஷௌக்கி

“வந்துச்சா? இல்லையா? இன்னொரு தடவ பாருங்க. குப்பைக்குன்னு தனியா ஒரு டப்பா இருக்கும் பாருங்க, அதுக்குள்ள. ஆங், வந்துச்சா? அல்ஹம்துலில்லாஹ்.” ஷௌக்கி போனை வைத்துவிட்டு, அவரை மசித்து வைத்த ஃபூல் சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு, அடுத்த எண்ணை அழுத்துகிறார். காலை முழுக்க இதே கூத்து.

நாங்கள் அலெக்ஸாந்திரியாவில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்தக் கட்டடத்து லிஃப்டை என்றைக்கு நிறுத்தி எண்ணெய் போடப் போகிறோம் என்று குடியிருப்புச் சங்கத் தலைவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது அவர் வேலை. அனுப்பிய கையோடு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வந்து சேர்ந்ததா என்று கேட்பது அவராக இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை. “அதுக்குப் போன்லயே விஷயத்தச் சொல்லிடலாமே, மெயில் எதுக்கு?” என்று ஒரு நாள் கேட்டேன். “அப்புறம் நான் எதுக்கு, மதாம் நஷ்வா?” என்றார். அது பதிலா, எதிர்க்கேள்வியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். சட்டைப் பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி. எது எதற்கு என்று அவருக்கே குழப்பம். மின்னஞ்சல் அனுப்ப நாங்கள் எல்லாரும் படம் போட்ட பொத்தானை அமுக்குகிறோம். அவர் மட்டும் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, அதில் கட்டளை ஒன்றைத் தட்டி, யாருக்கு என்ன என்று எழுதி, கடைசி வரியில் ஒற்றைப் புள்ளி வைக்கிறார். புள்ளி வைத்தால் கடிதம் போய்விடுமாம். கீழே பெயர் போடவே மாட்டார். “அனுப்புறவன் பேரு மேலயே இருக்குமே. கீழ வேற எதுக்கு? இது என்ன கல்யாணப் பத்திரிகையா?”

இவ்வளவு நிச்சயமான மனிதர் ஏன் ஊரையே கூப்பிட்டு விசாரிக்கிறார்? அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். “நம்ம மெஷின ஊர்ல யாருக்கும் தெரியாது. நேராப் போய்க் கதவத் தட்டினா திறக்க மாட்டான். அதனால நடுவுல தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்டக் குடுத்து அனுப்பணும். அவன் பேரு ரிலே. உங்க கட்டடத்து பவ்வாப் இருக்கானே, வாசல்ல காவலுக்கு உக்காந்துகிட்டு, அவன மாதிரின்னு வெச்சுக்கோங்க. வாங்கிக்கிட்டேன்னு சொல்லுவான். மாடிக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்னு மட்டும் சொல்லவே மாட்டான்.”

இது எனக்குப் புரிந்தது. நான்காம் மாடித் தங்கைக்கென்று எங்கள் பவ்வாபிடம் நான் கொடுத்த மொலோகியாக் கீரைக் குழம்பு, மூன்றாம் மாடியில் முன்பின் தெரியாத குடும்பத்தின் மதியச் சாப்பாடாகிப் போனது. பாத்திரம்கூடத் திரும்பவில்லை.

போன மாதம் கம்பெனி பழைய ரிலேயை விட்டுவிட்டுப் புதிது ஒன்றை அமர்த்தியது. அன்றிலிருந்து ஷௌக்கிக்குப் பதில்கள் வருவது அடியோடு நின்றுபோனது. அதற்கு முன் லிஃப்ட் நிற்கும் என்று எழுதினால் போதும், திட்டித் தீர்த்துப் பதில் கொட்டும். அதையெல்லாம் எங்களுக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டுவார். இப்போது போனில் கேட்டால் “வந்துச்சு, வந்துச்சு” என்கிறார்கள்; எழுத்தில் ஒரு வசவு கிடையாது. “ஜனங்க திருந்திட்டாங்களா என்ன?” என்று தலையைச் சொறிந்தார். அலெக்ஸாந்திரியா ஜனமாவது திருந்துவதாவது. எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

வசவு வராததற்கா ஒரு மனிதர் இப்படி இளைப்பார் என்று நினைத்தேன். பால்கனியில் சிகரெட்டுக்கு மேல் சிகரெட் பிடித்தவரைக் குடைந்ததில் உண்மை வெளிவந்தது. மொன்ரியாலில் அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், ஃபிக்ரி. அம்மா இறந்த நாற்பதாம் நாளன்று வீட்டை விற்பதைப் பற்றிப் பேச்சு எழ, ஷௌக்கி விருந்தாளிகள் எதிரே, “நீங்க அழ வரல, விக்க வந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டார். அண்ணன் அந்த வாரமே விமானம் ஏறினார். ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. போன மாதம்தான் ஷௌக்கி மனம் கனிந்து, அதே கறுப்புத் திரையில் மூன்று வரி தட்டி அனுப்பியிருக்கிறார்: “வீட்ட விக்கல. உங்க ரூம் அப்படியே இருக்கு. வாங்க.” அபே, அதாவது அண்ணா என்று எழுத விரல் வரவில்லையாம். புள்ளி வைத்துவிட்டார்.

“போன் பண்ணிக் கேட்டீங்களா, வந்துச்சான்னு?”

“ஊர்ல எவன வேணா கேக்கலாம். அவர எப்படிக் கேக்குறது? வந்துச்சுன்னு சொல்லிட்டு வெச்சிட்டார்னா?”

தினமும் காலையில் அவர் கறுப்புத் திரையில் பழைய வரி ஒன்றைத் தேடிப் பிடித்து எனக்குக் காட்டுவார். “பாருங்க, ரிலே வாங்கிக்கிச்சு. வாங்கிக்கிச்சா இல்லையா?” “வாங்கிக்கிச்சு.” “அப்புறம்?” அப்புறம் என்ன என்று இருவருக்கும் தெரியாது. எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மாலை, மேல்மாடிக் கணக்குப் பிரிவிலிருந்து மதாம் இன்ஷிராஹ் கைபேசியும் கையுமாக இறங்கி வந்தாள்.

“இஞ்சினியரே, என் மெயிலுக்குள்ள ஜின்னு புகுந்திருச்சு! ஸ்மூஹாவுல இருந்து யாரோ ஒரு கர்னல், ‘என் மாமியார் எட்டு மாடி ஏறணுமா, உனக்கு மனசாட்சியே இல்லையாடீ’ங்குறான். எனக்கு என் மாமியார் ஒருத்தி போதாதா? ஒரு மாசமா இதே ரோதனை. பாக்கப் பாக்க அழிச்சிட்டே வரேன். இன்னிக்கு வேற ஒண்ணு வந்திருக்கு, இத மட்டும் அழிக்க மனசு கேக்கல. உங்க பேரு இருக்கு.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். “‘மதாம், மூணாவது தடவையா எழுதறேன். நீங்க யாரு? ஷௌக்கியோட சம்சாரமா? எங்க வீட்டப் பத்தி அவன் எழுதாம நீங்க ஏன் எழுதறீங்க? என் தம்பி உசுரோட இருக்கானா? அத மட்டும் சொல்லுங்க.’” கைபேசியைத் தாழ்த்தினாள். “நான் எப்ப உங்களுக்குச் சம்சாரமானேன்? அதையாவது சொல்லுங்க!”

ஷௌக்கி சிரிக்கவில்லை. கறுப்புத் திரையில் தனக்குத் தானே ஒரு மின்னஞ்சல் எழுதிப் புள்ளி வைத்தார். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் ஒன்றும் அனுப்பிக்கொண்டதில்லை.

“வந்துச்சா?” என்றேன் நான்.

“வந்துச்சு.” திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மதாம் இன்ஷிராஹ் அனுப்பினதா வந்திருக்கு.”

பிறகு விசாரித்ததில் கதை இதுதான். புதிய ரிலேக்குப் பணம் கட்டியவள் இன்ஷிராஹ். முகவரி கேட்ட இடத்தில் தன் முகவரியைப் போட்டிருக்கிறாள். இந்தக் கம்பெனியில் அந்த ரிலே பவ்வாபுக்குத் தெரிந்த முகம் அவளுடையது ஒன்றுதான். கறுப்புத் திரை வழியே எது போனாலும் ‘மதாம் இன்ஷிராஹ் கொடுத்தாங்க’ என்று மாடியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஊரெல்லாம் கூப்பிட்டு ‘வந்துச்சா?’ என்று கேட்ட மனிதர், யார் பேரில் வந்தது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

“முதல் ரெண்டையும் படிக்காமலே அழிச்சிட்டேனே,” என்று இன்ஷிராஹ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “நான் வேணா இப்பவே எழுதிடட்டுமா? நல்லா இருக்கார், குத்துக்கல்லாட்டம் இருக்கார், கல்யாணம்தான் ஆகலன்னு?”

“வேணாம் மதாம். இதுக்கு நடுவுல ஆள் வேணாம்.”

பால்கனிக்குப் போனார். சிகரெட் மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. எண்ணை எதிலும் பார்க்காமல் அழுத்தினார். ஏழு வருடமாகக் கூப்பிடாத எண் அவருக்கு மனப்பாடம். அங்கே காலை நேரமாக இருக்கும். கீழே டிராம் ஒன்று மணியடித்துப் போயிற்று. நானும் இன்ஷிராஹும் வெட்கமே இல்லாமல் கதவோரம் நின்றோம்.

“அலோ?” ஒரு கரகரத்த குரல் எங்களுக்கே கேட்டது. “அலோ, யாரு?”

“அபே,” என்றார். “நான்தான் அபே. ஷௌக்கி.”

சொல்லிக்கொண்டே, பற்றவைத்த சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.